இரண்டாவது மாத்திரைக்கு முன்

ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த இளைஞர் ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர், 19ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே அபினிலிருந்து அதன் வீரியப் பொருளைத் தனியே பிரித்தெடுத்துவிட்டார். கிரேக்கர்களின் கனவுக் கடவுளான மார்ஃபியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தப் பொருள் மனிதருக்குள் என்ன செய்யும் என்பதைச் சோதித்த கதையை 1817-இல் அவரே எழுதி வெளியிட்டார். சோதனைக்கு உட்பட்டவர்கள் நான்கு பேர்: அவரும், 17 வயதைத் தாண்டாத மூன்று பையன்களும்.

ஆளுக்கு அரை கிரெய்ன், இன்றைய கணக்கில் சுமார் 30 மில்லிகிராம், மதுசாரத்தில் கரைத்து நீர் சேர்த்துக் குடித்தார்கள். முகம் சிவந்தது, உடல் சூடேறியது. அரை மணி நேரம் கழித்து இன்னொரு அரை கிரெய்ன். குமட்டலும் தலைச்சுற்றலும் தொடங்கின. அடுத்த கால் மணி நேரத்தில் மூன்றாவது முறையும் எடுத்துக்கொண்டார்கள். வயிற்றில் வலி, கை கால் ஓய்ந்துபோகும் களைப்பு, மயக்கத்தின் விளிம்பு. செர்ட்யூர்னர் பயந்துபோய் எல்லோருக்கும் காடியைக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார். நான்கு பேரும் பிழைத்தார்கள்.

இன்று மார்ஃபினையே தொட்டறியாத ஒரு பெரியவருக்கு டாக்டர் எழுதும் முதல் மாத்திரை பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம். அந்த நால்வரும் முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 90 மில்லிகிராம் எடுத்திருக்கிறார்கள். அளவு அதிகம்தான். ஆனால் அவர்களை அதைவிட அதிகமாக மோசம் செய்தது கடிகாரம். விழுங்கிய மார்ஃபின் ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். முதல் அளவு முழுமையாக வேலையைக் காட்டும் முன்பே மூன்றாவதும் வயிற்றுக்குள் போய்விட்டது. 'இன்னும் கேட்கவில்லையே' என்று அடுத்ததை விழுங்கும் தவறு, இந்த மருந்தின் முதல் பரிசோதனையிலேயே நடந்திருக்கிறது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் வீடுகளில் நடக்கும் விபத்துகளில் பல இதே வகைதான்.

மார்ஃபின், கோடீன், டிரமடால், டேபென்டடால், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் என நீளும் இந்தக் குடும்பத்துக்கு ஓபியாய்டு என்று பெயர். எலும்புக்குப் பரவிய புற்றுநோய், பெரிய அறுவை சிகிச்சை, சாலை விபத்தில் நொறுங்கிய கால் ஆகியவற்றில் இவை செய்யும் உதவியை வேறு எந்த மாத்திரையும் செய்துவிடாது. அதனால் இவற்றைத் தொடவே கூடாது என்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் கொடுமை. எப்படித் தொடுவது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கசகசாச் செடியின் பாலான அபினுக்கு மனித மூளையில் ஏன் இடம் இருக்கிறது? 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மூளைத் திசுவில் ஓபியாய்டுகள் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளைக் காட்டினார்கள். செடிக்காக உடம்பு ஏற்பி வைத்திருக்காது. உள்ளேயே ஏதோ சுரக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1975-இல், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் மூளை தானே தயாரிக்கும் என்கெஃபலினைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்த ஏற்பிகள் தண்டுவடத்தில் இருக்கின்றன. வலிச் செய்தி மேலே ஏறாமல் அங்கேயே அடங்குகிறது. மூளையின் மேல் பகுதிகளிலும் இருக்கின்றன. ஏறிவந்த வலியும் வதைப்பதை நிறுத்துகிறது. குடலிலும் இருக்கின்றன, அங்கே அசைவு மந்தமாகிறது. ஆபத்து இருப்பது மூளைத்தண்டில். நாம் தூங்கும்போதும் மூச்சு தாளம் தவறாமல் நடப்பதற்குக் காரணம் அங்குள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம். ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் 1991-இல் அடையாளம் கண்ட அதற்கு ப்ரீபோட்ஸிங்கர் தொகுதி என்று பெயர். அதன் செல்களிலும் இதே ஏற்பிகள் உண்டு. மருந்து மிகுந்தால் அந்தத் தாளம் தளர்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் 'மூச்சை இழு' என்று உடம்பு துடிக்க வேண்டும். அந்தத் துடிப்பும் மழுங்குகிறது. மூச்சுத் திணறுகிறது என்ற உணர்வே நோயாளிக்கு வராது. ஓபியாய்டு மரணங்கள் சத்தமில்லாமல் நடப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மூச்சு தளரும் முன் பெரும்பாலும் தூக்கம் கூடும். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி இது. மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நாட்கள் அசதியாக இருப்பது சாதாரணம்; வலியால் பல நாள் தூங்காதவர் நிம்மதியாகத் தூங்குவதும் உண்டு. கூப்பிட்டால் கண் திறந்து தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி. பேச்சின் நடுவே கண் சொருகுகிறது, தட்டி எழுப்பினாலும் மறுபடி சாய்ந்துவிடுகிறார் என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரை அழைக்க வேண்டும்.

நாளாக ஆக உடம்பு இந்த மருந்துக்குப் பழகும். ஆனால் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. குமட்டலும் அசதியும் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் விலகிவிடும். குடல் மட்டும் கடைசிவரை பழகாது. அதனால்தான் அனுபவமுள்ள டாக்டர்கள் மார்ஃபின் எழுதும் அதே சீட்டில், அதே நாளில், மலமிளக்கியையும் எழுதுகிறார்கள். வலி போனதற்காக மகிழ்ந்து மலச்சிக்கலுக்காக மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர். முன்கூட்டியே கவனித்தால் அந்தத் துன்பம் தேவையே இல்லை.

மூச்சுத் தாளமும் ஓரளவு பழகிக்கொள்ளும். மாதக்கணக்கில் அளவு படிப்படியாக ஏற்றப்பட்ட ஒரு புற்றுநோயாளி நாளுக்கு 200 மில்லிகிராம் மார்ஃபினுடன் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்க முடியும். அதே அளவு புதியவர் ஒருவரைக் கொன்றுவிடலாம். அந்தப் பழக்கம் நிலையான சொத்தும் இல்லை. சில வாரங்கள் மருந்தை விட்டிருந்தவர் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கினால், அவர் உடம்பு கிட்டத்தட்டப் புதியவரின் உடம்பு. வலிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. வலி மூச்சைத் தூண்டிக்கொண்டே இருக்கும். கதிர்வீச்சு சிகிச்சையால் எலும்பு வலி சட்டென்று குறையும்போது, நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடலாம்.

மறுபடி கடிகாரத்துக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை மருத்துவமனைகளில் நடைமுறை இதுதான்: நோயாளி வலி பொறுக்காமல் கதறும்போது ஊசி போடுவார்கள்; அது தீர்ந்து மறுபடி கதறும்வரை காத்திருப்பார்கள். சிசிலி சாண்டர்ஸ் இதை மாற்றினார். நர்ஸாகத் தொடங்கி, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்தவர் அவர். 1958-இல் லண்டனின் ஹாக்னியில் உள்ள செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வலி திரும்பி வரும்வரை காத்திருக்காமல், முன் அளவு தீரும் நேரத்தைக் கணக்கிட்டு, வாய்வழியாக, மணி தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். வலியை எதிர்பார்த்து நடுங்கும் பயம் போனதும் நோயாளிகளுக்கு மருந்தின் மீதிருந்த தவிப்பும் அடங்கியது. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் வாய்வழியே, மணிப்படியே, படிப்படியே என்பவைதான் ஆதார விதிகளாக அமைந்தன.

இந்தியாவின் வலிநிவாரண மையங்களில் சாதாரண மார்ஃபின் மாத்திரைக்கு ஒரு பழக்கமான அட்டவணை உண்டு: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. நடு இரவில் எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு எழுதுவதும் வழக்கம். டாக்டர் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே அது பொருந்தும். நடுவில் வலி முட்டிக்கொண்டு வந்தால் எடுத்துக்கொள்ள ஒரு கூடுதல் அளவும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது மிகப் பெரிய பாதுகாப்பு. அம்மாவுக்கு மகன் ஒரு தரம், அது தெரியாமல் மருமகள் ஒரு தரம் என்று கொடுத்துவிடும் குழப்பம் அதோடு தீர்ந்துபோகும். கூடுதல் அளவு அடிக்கடி தேவைப்படுகிறதா என்பதும் டாக்டருக்கு அந்த நோட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

பயமும் மனிதர்களைத் தவறாக மருந்து சாப்பிட வைக்கிறது. "மார்ஃபின் எழுதிட்டாங்களே டாக்டர், அப்போ அப்பாவுக்கு அவ்வளவுதானா?" என்று கேட்கும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்தப் பயத்தில் காலை மாத்திரையைத் தள்ளிப்போடுவார்கள். மதியம் வலி தாங்காமல் அலறும்போது பதற்றத்தில் இரண்டாகக் கொடுப்பார்கள். தவறவிட்ட மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது ஒருநாளும் தீர்வாகாது. மார்ஃபின் மரணத்தின் அறிவிப்பும் ஆகாது. எத்தனையோ பேர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள், வேலைக்கும் போயிருக்கிறார்கள்.

சட்டத்தின் பயம் இன்னும் பெரிதாக இருந்தது. 1985-இல் இந்தியா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை நான்கைந்து உரிமங்களை வெவ்வேறு துறைகளிடம் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். மருந்துக்கடைகள் ஒதுங்கிக்கொண்டன. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சரிந்து, 1997-இல் வெறும் 18 கிலோவுக்கு வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசே உரிமம் கொடுத்து அபின் விளைவித்து ஏற்றுமதியும் செய்த நாட்டில், சொந்த நோயாளிகளுக்கு மாத்திரை இல்லை.

அதே காலத்தில்தான் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஒரு மாற்று முளைத்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்களான எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து 1993-இல் வலிநிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களிடம் மார்ஃபினைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அது தெருவுக்குப் போய்விடும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. அவர்கள் நோயாளியைப் பரிசோதித்து, அளவை எழுதி, குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்து, பதிவேட்டில் குறித்து, வீட்டுக்கே மாத்திரையைக் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அப்படி மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளின் விவரங்கள் 2001-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. தவறான பயன்பாடோ, மருந்து வெளியே கைமாறியதோ ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளாக வகைப்படுத்தி, பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அங்கீகாரம் போதும் என்றாக்கியது. ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் இருபது ஆண்டு விடாமல் தட்டியதால் திறந்த கதவு அது.

கோழிக்கோட்டின் வெற்றிக்கு மாத்திரை ஒரு பாதிதான். கூடவே நடந்த கவனிப்பு மறு பாதி. அந்த மறு பாதி இல்லாமல் மாத்திரை மட்டும் பெருகினால் என்னவாகும் என்பதை அமெரிக்கா அனுபவித்தது.

1980-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு பெற்ற 11,882 நோயாளிகளில் நான்கு பேர் மட்டுமே அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்பது அதன் சாரம். நர்ஸ் அளந்து கொடுத்த மருந்தைப் பற்றிய அந்தத் தகவலை 600-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின; அவர்கள் மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகள் என்பதையே அவற்றில் பெரும்பாலானவை சொல்லவில்லை. 1996-இல் பர்டியூ நிறுவனம் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆக்ஸிகோடோனை 12 மணி நேரத்துக்குப் பரப்பி மெதுவாக விடும் மாத்திரை அது. மெதுவாக இறங்குவதால் போதைக்குப் பயன்படுவது குறையும் என்று நம்பப்படுவதாக அதன் லேபிளே சொன்னது. ஆனால் மாத்திரையை நசுக்கினாலோ மென்றாலோ அந்த மெதுவான அமைப்பு உடைந்துவிடும். அணையின் மதகுகளை எல்லாம் ஒரே நேரத்தில் தூக்கிவிட்டதுபோல 12 மணி நேர மருந்து ரத்தத்தில் பாயும். அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-இல் அந்த நிறுவனத்தின் சகோதர நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கும் மேல் கட்டினார்கள். அதற்குள் சில மாவட்டங்களில் ஒரு தலைமுறையே சிக்கிவிட்டது.

இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. எஸ்.ஆர். என்றோ ஈ.ஆர். என்றோ பெயரோடு வரும் மெதுவெளியீட்டு மாத்திரையை முழுதாகத்தான் விழுங்க வேண்டும். விழுங்க முடியாத நோயாளிக்குப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுப்பது அன்பால் நடக்கும் ஆபத்து. இரண்டாவது, நாட்களின் எண்ணிக்கை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை ஓபியாய்டு எழுதப்பட்ட, புற்றுநோய் இல்லாதவர்கள் கணக்கிடப்பட்டார்கள். குறைந்தது ஒரு நாள் மருந்து பெற்றவர்களில் ஓராண்டு கழித்தும் ஓபியாய்டில் இருந்தவர்கள் 6 சதவீதம். முதல் தடவையே 8 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து பெற்றவர்களில் 13.5 சதவீதம். 31 நாளோ அதற்கு மேலோ பெற்றவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம். பல் பிடுங்கியதற்கும் சிறு அறுவைக்கும் பாராசிட்டமால் போன்றவையே பெரும்பாலும் போதும். ஓபியாய்டு தேவைப்பட்டாலும் சில நாட்களே போதும். எத்தனை நாளுக்கு, எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்பது நோயாளியின் உரிமை.

எதனோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதிலும் பல உயிர்கள் போகின்றன. பாலடோன் என்றொரு ஹைட்ரோமார்ஃபோன் கேப்ஸ்யூல் நாளுக்கு ஒருமுறை சாப்பிட வடிவமைக்கப்பட்டது. மதுவோடு சேரும்போது அதன் மெதுவெளியீட்டு அமைப்பு குலைந்து, ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு பல மடங்கு எகிறியது தெரியவந்ததும், 2005-இல் சந்தைக்கு வந்த சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். சாதாரண மாத்திரையானாலும் மதுவும் ஓபியாய்டும் ஒரே மூளைத்தண்டைத்தான் இரு பக்கமிருந்து அழுத்துகின்றன. அல்பிரசோலம், டயசெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளும் அப்படியே. இந்தச் சேர்க்கைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் தன் உச்சகட்ட எச்சரிக்கையைப் போட்டது. நம் ஊரில் சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கும் முதுகுவலிக்கும் தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின், காபாபென்டின் பற்றியும் 2019-இல் அதே அமைப்பு மூச்சு தொடர்பான ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. வேறு வேறு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் ஒரே டப்பாவில் கிடக்கும் வீடுகளில் அந்த டப்பாவையே டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுவது நல்லது. தூக்கத்தில் பெரிதாகக் குறட்டைவிட்டு மூச்சு நின்று நின்று வரும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

'லேசானது' என்று பெயரெடுத்த கோடீனும் டிரமடாலும் தனிக் கதை. கோடீனுக்குச் சொந்தமாக வலிமை குறைவு, கல்லீரலில் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி அதன் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றினால்தான் வேலை செய்யும். அந்த நொதி சிலருக்கு வேலையே செய்யாது. அவர்களுக்கு வலி குறையாது. பிறவியிலேயே அதன் மரபணு கூடுதலாக அமைந்தவர்களுக்கு மார்ஃபின் மளமளவென்று உருவாகும். டான்சில் அறுவைக்குப் பின் சரியான அளவு கோடீன் பெற்ற குழந்தைகள் சிலர் இறந்ததை அடுத்து 2013-இல் எச்சரிக்கை வந்தது; 2017-இல் 12 வயதுக்குட்பட்டவர்களின் வலிக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாதென்று அமெரிக்கா முடிவெடுத்தது. பாலூட்டும் தாய்க்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். டிரமடால் சிலருக்கு வலிப்பை வரவழைக்கும்; மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு அது ஒத்துப்போகாது. இந்தியாவில் 2018 முதல் அதுவும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

மார்ஃபின் உடைந்து உண்டாகும் வீரியமுள்ள ஒரு பொருள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அளவும் இடைவெளியும் மாறும். நன்றாக இருந்தவருக்குக்கூட, நாலு நாள் வாந்தி வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி சிறுநீர் குறைந்தால் அதே மாத்திரை தேங்கத் தொடங்கிவிடும்.

ஃபென்டனில் ஒட்டு தோலில் ஒட்டப்படுவதால் களிம்புபோலச் சாதுவாகத் தோன்றும். ஓபியாய்டுக்குப் பழகாதவர்களுக்கு அது கூடவே கூடாது. ஒன்று 72 மணி நேரம் வேலை செய்யும். வெந்நீர்ப் பை, வெப்பப் போர்வை, கடும் காய்ச்சல் ஆகியவை தோல்வழி உறிஞ்சலைக் கூட்டிவிடும். பிய்த்து எடுத்த பின்பும் தோலுக்கடியில் தேங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். பயன்படுத்தித் தூக்கிப்போட்ட ஒட்டிலும் நிறைய மருந்து மிச்சம் இருக்கும். அதை எடுத்து ஒட்டிக்கொண்டோ வாயில் போட்டோ இறந்த குழந்தைகள் உண்டு. எடுத்ததும் பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அகற்ற வேண்டும்.

அளவு மீறிவிட்டதன் அடையாளங்கள் மூன்று: எழுப்ப முடியாத உறக்கம், நிமிடத்துக்குச் சில முறை மட்டும் வரும் அல்லது கொரகொரக்கும் மூச்சு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி. உதடு நீலமாகலாம். 108-க்கு உடனே கூப்பிட வேண்டும். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தனியே விடாமல் இருக்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் உதவி வரும்வரை செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் தேவை. 1961-இல் உருவாக்கப்பட்ட நாலாக்ஸோன், ஏற்பிகளிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டு நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். ஆனால் அதன் ஆயுள் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். மெதுவெளியீட்டு மாத்திரையோ ஒட்டோ உள்ளே இருந்தால் நாலாக்ஸோன் தீர்ந்ததும் ஆள் மறுபடி சரியலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று மருத்துவமனைக்குப் போகாமல் விட்டுவிடக் கூடாது.

நிறுத்துவதற்கும் நேரம் வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்ட எவருக்கும் திடீரென்று விட்டால் மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை வரும். இது பழகிய உடம்பு காட்டும் எதிர்வினை. இதை வைத்து யாரையும் அடிமை என்று முத்திரை குத்துவது அநியாயம். கேடு விளைகிறது என்று தெரிந்தும் தேடித் தேடிச் சாப்பிடுவதுதான் அடிமைநிலை; அதுவும் சிகிச்சை தேவைப்படும் நோய். அமெரிக்காவில் 2016-இல் வந்த ஓபியாய்டு வழிகாட்டியைத் தவறாகப் புரிந்துகொண்டு பல டாக்டர்கள் நெடுநாள் நோயாளிகளின் மருந்தை ஒரேயடியாக வெட்டினார்கள். தாங்க முடியாத வலியும் தற்கொலைகளும் நிகழ்ந்ததால் 2019-இல் அப்படிச் செய்யக் கூடாதென்று அரசே எச்சரிக்க வேண்டியதாயிற்று. டாக்டரின் கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரும்பாலோர் பெரிய சிரமமின்றி வெளியே வந்துவிடுவார்கள்.

மீதமாகும் மாத்திரைகள் இன்னொரு பிரச்சினை. அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை, மூன்றில் இரண்டு பங்கு முதல் 92 சதவீதம் வரையிலானவர்களிடம் ஓபியாய்டு மாத்திரைகள் மிஞ்சியதாகக் காட்டியது. பெரும்பாலோர் அதைப் பூட்டிவைக்கவும் இல்லை. மருந்து நடக்கும் காலத்தில் பூட்டிய அலமாரி வேண்டும். முடிந்ததும் கொடுத்த மையத்திடமே திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்க வேண்டும். தாத்தா இறந்த பின் பீரோவில் கிடக்கும் 30 மில்லிகிராம் அட்டை, மாதக்கணக்கில் படிப்படியாகப் பழகிய அவருடைய உடம்புக்கு அளந்து எழுதப்பட்டது. முதுகு பிடித்துக்கொண்டதென்று அதிலிருந்து ஒன்றை விழுங்கிவிட்டு இரவு தூக்க மாத்திரையும் போட்டுக்கொள்ளும் பேரனுக்கு, செர்ட்யூர்னரின் பையன்களுக்குக் கிடைத்த காடிகூடக் கைகொடுக்காது; இன்று யாருக்கும் அப்படி வாந்தி எடுக்கவைக்கச் சொல்வதில்லை, மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால்.